கழல மறுத்த இரும்புக் கை

அந்தக் கை கழலாமலே இருந்திருக்கலாம். அப்போது நான் அதைத் திட்டாத திட்டு இல்லை. சனியன், பீடை, முன்ஜென்மத்துப் பகை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். இப்போது மழை பிடித்தால் போதும், அதன் ஞாபகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. எங்கள் எல்லாரையும்விட அந்த இரும்புக்குத்தான் புத்தி இருந்திருக்கிறது.

கை என்றால் மனுஷர் கை இல்லை. அப்பாவின் பழைய பிக்கப் வண்டியில் ஸ்டீயரிங் பெட்டிக்கு அடியில் ஒரு இரும்புத் துண்டு தொங்கும். நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அது ஆடும். அது ஆடினால் ஒரு நீளக் கம்பி நகர்ந்து சக்கரத்தைத் திருப்பும். மெக்கானிக் கடையில் பிட்மேன் ஆர்ம் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்குக் கை என்றே பேர் ஆகிவிட்டது.

வண்டி எங்கள் ஊர் முழுக்கத் தெரிந்த வண்டி. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் தொட்டி. நாலு சக்கரமும் இழுக்கும். சேற்றில் மாட்டினால் ஒரு குட்டி லீவரைத் தள்ளிவிட்டால் எருமை மாதிரி முக்கிக்கொண்டு ஏறி வந்துவிடும். என்ன நிறம் என்று கேட்டால் மட்டும் வீட்டில் ஆளுக்கொரு பதில் சொல்வோம்.

எங்கள் ஊர் வல்லக்கோட்டைக்குப் பக்கம். நிலத்தில் பாதி கம்பெனிகளுக்குப் போய்விட்டது. மிச்சமும் மாட்டுக் கொட்டகையும் ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கின்றன. அப்பா விடியலில் வண்டியை எடுத்துக்கொண்டு போய்ப் பால் கறந்து, கேனைத் தொட்டியில் ஏற்றிக்கொண்டு சொசைட்டிக்கு வருவார். வழியில் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருக்கும் பையன்களை ஏற்றிக்கொள்வார். எங்கள் தெருவில் ரூம் எடுத்துத் தங்கியிருக்கிற தென்காசி, தூத்துக்குடிப் பையன்கள். அவர்களை மெயின் ரோட்டில் இறக்கிவிடுவதில் அவருக்கு ஒரு தனி பெருமை. பால் கெட்டாலும் பரவாயில்லை, பையனுக்கு ஷிப்ட் தப்பக் கூடாது என்பார்.

அவர் வண்டியில் ஏறுவது பார்க்க வேடிக்கையாக இருக்கும். டிரைவர் சீட் வலது பக்கம். இடது கால்தான் முதலில் உள்ளே போக வேண்டும். அவருக்கு இடது முட்டி தேய்ந்து எத்தனையோ காலம். அதனால் இடது தொடையை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கி, தவிட்டு மூட்டையை வைப்பது மாதிரி உள்ளே வைப்பார். பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்து ஒரு எக்கு எக்குவார். அவ்வளவுதான், ராஜா உட்கார்ந்துவிடுவார். ‘லக்கேஜ் ஏத்தியாச்சா’ என்று நானே கேலி செய்திருக்கிறேன். அந்தக் கேலி இப்போது எனக்கு இனிக்கவில்லை.

அந்த வருஷம் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் வெளியே போகிற கலங்கல் வழிந்தது. வழிகிற தண்ணீர் எங்கள் கொட்டகைக்குப் போகிற பாதையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும். மற்றவர்கள் எல்லாரும் ஒரகடம் சிக்னல் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். நம் அப்பாவுக்கு அது கௌரவக் குறைச்சல். வண்டியோடு தண்ணீரில் இறங்கினார். நடுத் தண்ணீரில் இன்ஜின் நின்றுவிட்டது. பக்கத்தில் ரோடு வேலைக்கு வந்திருந்த ஜேசிபிதான் கயிறு கட்டி வண்டியை வெளியே இழுத்தது. உள்ளூர்க்காரர் ஒருவர் அதை வீடியோ எடுத்து, ஊர் குரூப்பில் போட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை வேறு பக்கத்தில் வைத்திருந்தார். அப்பாவுக்கு வாட்ஸ்அப் தெரியாது. ஆனால் யார் சிரித்தார்கள் என்பது மட்டும் எப்படியோ தெரிந்துவிட்டது.

சில நாள் அவரும் சுற்றித்தான் போனார். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் பால் கேனோடு நிற்பது அவரால் முடியவில்லை. ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே அண்ணனிடம் சொன்னார்: “வண்டியத் தூக்கிக் குடுறா. தண்ணி கீழ போவட்டும், நான் மேல போறேன்.”

அண்ணன் கார் கம்பெனியில் வேலை செய்கிறவன். நான் உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி செக்கிங். அவன் மாட்டுகிறவன், நான் குறை கண்டுபிடிக்கிறவள், வீட்டிலும் அப்படித்தான். அப்பா வாயைத் திறந்து எங்களிடம் ஒன்று கேட்பது அபூர்வம். எங்கள் இரண்டு பேருக்கும் தலைகால் புரியவில்லை. பொங்கலுக்கு முன்னால் முடித்துக் கொடுத்துவிடுகிறோம் என்று நான்தான் முந்திக்கொண்டு சொன்னேன்.

வண்டியைத் தூக்குவது பெரிய வித்தை இல்லை. கமான் பட்டைக்கும் அச்சுக்கும் நடுவில் கனமான இரும்புக் கட்டை வைத்து, நீள யூ போல்ட் போட்டு இறுக்கினால் உடம்பு மேலே போய்விடும். ஆனால் உடம்பு மட்டும் மேலே போனால் ஸ்டீயரிங் கம்பி சாய்ந்துவிடும். பள்ளத்தில் விழுந்தால் வண்டி தன் இஷ்டத்துக்கு இழுக்கும். அதனால் பழைய கையை எடுத்துவிட்டு, இன்னும் கீழே வளைந்த புதுக் கை மாட்ட வேண்டும். புதுக் கையைப் புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் சொல்லி வாங்கி வந்தாயிற்று. பழையதைக் கழற்ற வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் வந்தது வினை. முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பித்தோம். கம்பி முனையில் இருந்த பந்து மூட்டு, பக்கத்தில் சுத்தியால் நாலு போடு போட்டதும் விட்டுக் கொடுத்தது. கையைப் பிடித்திருந்த பெரிய நட்டும், பானாவின் பிடியில் நீளக் குழாயைச் சொருகி இரண்டு பேர் தொங்கியதும் அசைந்தது. கை மட்டும் அசையவில்லை. பல்பல்லாக வெட்டிய தண்டில் அத்தனை வருஷத்துச் சேறும் துருவும் சேர்ந்து உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தது. நகத்தால் கவ்வி, நடுத் திருகால் இழுக்கிற புல்லரைப் போட்டு இறுக்கினால் நகம் நழுவியது. மறுபடி இறுக்கினால் அதன் திருகே வளைந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு அண்ணன் லேத் கடையிலிருந்து இன்னும் பெரிய புல்லர் வாங்கி வந்தான். அப்பா கொட்டகை வேலையை முடித்துவிட்டு வந்து, கூடவே குத்துக்கால் போட முடியாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து டார்ச் அடித்தார். மண்ணெண்ணெய் விட்டோம், டீசல் விட்டோம், ஏதோ ஸ்பிரே வாங்கி அடித்தோம். கை என்னவோ கல்லுப் பிள்ளையாராக உட்கார்ந்திருந்தது. கேஸ் வைத்துச் சூடு காட்டலாம் என்றால், பெட்டிக்குள் இருக்கிற ஆயில் சீல் வெந்துவிடும் என்று அண்ணன் பயந்தான். புல்லரை இறுக்கமாக மாட்டி வைத்து, தினமும் கொஞ்சம் எண்ணெய் விட்டு, ஒரு வாரம் பத்து நாள் காத்திருந்தால் தானாக விடும் என்று லேத் கடைக்காரர் சொன்னதாகச் சொன்னான். அந்த வாரம் முழுக்க வண்டி செங்கல் மேல் நின்றது. அப்பா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போனார். பஸ்ஸை விட்ட பையன்கள் அவரைத் தாண்டி ஓடினார்கள்.

மூன்றாவது ஞாயிறு அவர் பொறுமை போய்விட்டது. எங்களுடையதும்தான். அண்ணனுக்கு மறுநாளிலிருந்து வரிசையாக ஓவர்டைம். எனக்கு மாத முடிவு. இன்னும் ஒரு வாரம் பார்க்கலாமா என்று அவன் இழுத்தபோது அப்பா ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

“அறுத்துடுறா. புச்சு வந்துட்ச்சு இல்ல, பழச வெச்சினு இன்னா பண்ணப் போறோம்?”

கேட்டதும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது. அண்ணன் கிரைண்டரை எடுத்தான். தண்டின் பல்லில் படாமல், அதைச் சுற்றிப் பிடித்திருந்த கையின் காதை மட்டும் கவனமாக அறுத்து, வெட்டில் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி. டணார் என்று விட்டது. அப்பா கையைத் தட்டினார். அவர் எதற்கும் கை தட்டி நான் பார்த்ததில்லை. அறுந்த கை தரையில் புகைந்துகொண்டு கிடந்தது. அதைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு டீ குடித்தோம்.

அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் எல்லாம் மாட்டி முடிந்தது. அண்ணன் ஓட்டிக் காட்டினான். ஏரிப் பாதையில் முழங்கால் தண்ணீரில் இறங்கி, கதவுக்கு அடியில் ஈரம்கூடப் படாமல் அந்தக் கரையில் ஏறினான். ஸ்டீயரிங் நேராக நின்றது. எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. போல்ட் எல்லாவற்றிலும் நான் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, கம்பெனியில் செய்வதுபோல ஒவ்வொன்றாகச் சரிபார்த்தேன். அப்பா கரையில் நின்று, வீடியோ எடுத்தவர் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றை மட்டும் யாரும் பார்க்கவில்லை. அண்ணன் பல வருஷமாகக் காருக்குள் ஏறி இறங்கி வேலை செய்கிறவன். ஆனால் அவன் லைனில் வண்டி வரும்போது அதற்குச் சக்கரமே இருக்காது. தளத்தோடு தளமாக நகர்ந்து வரும்; அடுத்த அறைக்குள் போவதுபோல உள்ளே கால் வைத்துவிடலாம். சக்கரம் மாட்டுவது அவனுக்கு அப்புறம் வருகிறவர்கள். என் மேஜைக்கு வருவதோ வண்டியில் உள்ளங்கை அளவு பாகம். ஊருக்கெல்லாம் வண்டி செய்து அனுப்புகிற வீட்டில், ஒரு மனுஷர் தரையில் நின்று அதில் ஏற வேண்டும் என்பது ஒருத்தர் மண்டையிலும் உதிக்கவில்லை. கேட்டவரின் மண்டையிலும்.

மறுநாள் காலை நான் கம்பெனி பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்தேன். எனக்குக் கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளி இருக்கிறேன்; பிறந்த வீட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். வாசலில் வண்டி நின்றது. அப்பா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வழக்கம்போல இடது தொடையைத் தூக்கினார். கால் வண்டியின் விளிம்பில் இடித்துக்கொண்டு கீழே விழுந்தது. மறுபடி தூக்கினார். மறுபடி விழுந்தது. தெருவில் யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்தார். நான் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய? அவர் உள்ளே போய் அந்த ஸ்டூலை எடுத்து வந்து, அதில் ஏறி, அங்கிருந்து வண்டிக்குள் போனார். கயிற்றில் கட்டியிருந்த ஸ்டூலைக் கிணற்று வாளி மாதிரி மேலே இழுத்துக்கொண்டார். 

ஸ்டூல் கதை அண்ணனுக்குத் தெரிந்ததும் கதவுக்கு அடியில் ஒரு படி வெல்டு வைத்தான். ஏறுவதற்கு அது போதுமாக இருந்தது. இறங்குவதற்கு இல்லை. இறங்கும்போது வலது கால் கீழே படியைத் தேடும். அதுவரை மொத்த உடம்பும் மடங்கிய இடது முட்டியில் நிற்க வேண்டும். ஒரு நாள் பால் சொசைட்டி வாசலில் அந்த முட்டி பூட்டிக்கொண்டது. அப்பா பாதி உள்ளே, பாதி வெளியே, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார். அவர் ஏற்றிக்கொண்டு வந்திருந்த பையன்கள் இரண்டு பேர்தான் தொட்டியிலிருந்து குதித்து, அக்குளில் கை கொடுத்து, குழந்தையை இறக்குவதுபோல இறக்கி நிறுத்தினார்களாம். அவர்களே ரொம்ப மரியாதையாக, “மெதுவா, ஐயா” என்று சொன்னதாக அம்மா சொன்னாள். அந்த மரியாதைதான் அவரை அடித்துப் போட்டது. வீட்டுக்கு வந்ததும் சாவியை ஆணியில் மாட்டினார். அதற்கப்புறம் அவர் எடுக்கவில்லை.

தூக்கின வண்டியை இறக்குவது என்ன பெரிய விஷயம் என்று எல்லாரும் கேட்டார்கள். விஷயம் அந்தக் கைதான். வண்டியை இறக்கினால் புதுக் கை கீழே தொங்கி, கம்பி எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து கமான் பட்டையில் இடிக்கும். பழைய கை வேண்டும். பழைய கை இரண்டு துண்டாக வீட்டு ஓரத்தில் துருப்பிடித்துக் கிடந்தது. அந்த மாடல் நின்று வருஷக்கணக்காகிவிட்டது. அண்ணன் அந்தத் துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு லீவு நாளெல்லாம் புதுப்பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினான். ஒரு வாரம் பொறுத்திருந்தால் முழுசாகக் கையில் இருந்திருக்கும் பொருள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது என்று நான் ஒரு தடவை அவனிடம் சொல்லிவிட்டேன்.  சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே பட்டது.

ஒரு வருஷம் இப்படியே போனது. அப்பா கொட்டகைக்குப் போவதும் குறைந்தது. அண்ணனோ அண்ணியோ பால் எடுத்து வந்தார்கள். மாட்டில் பாதியை விற்றோம். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பஸ்ஸை விட்ட பையன்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முன்பெல்லாம் போகிற போக்கில் வணக்கம் சொல்வார்கள். பிறகு ரூம் காலி செய்துவிட்டு வேறு பையன்கள் வந்தார்கள். இவர்களுக்கு அவர் யாரோ.

கடைசியில் மறைமலை நகர்ப் பக்கம் ஒரு பழைய இரும்புக் கடையில் அதே மாடல் வண்டி ஒன்று செத்துக் கிடந்தது. அதிலும் கை தண்டைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. கடைக்காரர் கேஸ் கட்டர் வைத்துத் தருகிறேன் என்றாராம். அண்ணன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, புல்லரை இறுக்கி மாட்டி, தினமும் ஷிப்ட் முடிந்து போய் எண்ணெய் விட்டு, கால் சுற்று திருகிவிட்டு வந்தான். ஒரு நாள் எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது டப்பென்று சத்தம். யாரும் தொடாமல் தானாகவே கழன்று விழுந்திருந்தது. அதை வீட்டுக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு, “நம்ம பழசும் இப்டித்தான் வந்திருக்கும்” என்றான். அவன் கண் கலங்கி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

எங்கள் வண்டியில் இருந்த புதுக் கை, கிரீஸ் போட்டு மாட்டியது, இரண்டே திருகில் வந்துவிட்டது. அண்ணன் கொண்டு வந்த கையை மாட்டி, கட்டைகளை எடுத்தோம். வண்டி மூச்சு விட்டுக்கொண்டு பழைய உயரத்தில் உட்கார்ந்தது. அப்பா குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்தார். ஆணியிலிருந்து சாவியை அவரே எடுத்தார்.

கதவைத் திறந்தார். இடது தொடையைத் தூக்கினார். முட்டி மடங்கவில்லை. கால் கம்பு மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. குதிகால் விளிம்பைத் தொட்டது, உள்ளே போகவில்லை. அதே உயரம். அத்தனை வருஷம் ஏறிய அதே இடம். இன்னொரு தடவை பார்த்தார். அப்புறம் காலை இறக்கிவிட்டு, கையைத் தட்டித் தூசியை உதறினார். அண்ணன் டயரையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மாதான் மெல்லச் சொன்னாள், தினம் ஏறி இறங்கிக்கொண்டிருந்ததில்தான் அந்த முட்டி அந்த மட்டுக்காவது மடங்கிக்கொண்டிருந்தது என்று. டாக்டரும் பிறகு அதையேதான் சொன்னார்.

அப்பா வண்டியின் முன்பக்கமாகச் சுற்றிப் போய் இடதுபுறக் கதவைத் திறந்தார். அந்தப் பக்கம் வலது கால் முதலில் போக வேண்டும்; அது நல்ல கால். சிரமமே இல்லாமல் ஏறி உட்கார்ந்துவிட்டார். தன் வண்டியில் அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து நாங்கள் யாருமே பார்த்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். சாவியை என் பக்கம் நீட்டி, “நீ ஓட்டும்மா, கொட்டாய் வரிக்கும் போய்ட்டு வந்துடலாம்” என்றார்.

ஏரிப் பாதைக்குப் போனேன். மழை விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கலங்கல் தண்ணீர் பாதையை அறுத்துக்கொண்டு ஓடியது. வண்டி பழைய உயரத்தில் இருந்தது. விளிம்பில் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சுத்தினு போலாம்மா,” என்றார். நான் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பினேன். பிறகு அவரே, “அப்பவே சுத்தினு போயிருக்கணும்.”

 ஸ்டீயரிங் லேசாகத் திரும்பியது, எந்தப் பக்கமும் இழுக்காமல். ஒரகடம் சிக்னல் வரைக்கும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்றும் நகர்ந்தும் போயின. முன்னால் போன லாரியின் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே, பக்கத்தில் அவருடைய வலது கால், கீழே விரித்திருந்த ரப்பர் விரிப்பை அழுத்தி மிதித்தது.